முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கர்ப்பகாலப் பரிசோதனைகள் வருமா? 12-வது வாரம், அவசரமாகத் தெரிய வேண்டும்

சோமனூர் மருமகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 12-வது வாரம் நடக்கிறது, முதல் கர்ப்பம், வயது 25. வீட்டுக்காரர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். மாமியார், மாமனார், நாங்கள் எல்லோரும் ஒரே ரேஷன் கார்டு, அதை வைத்து எடுத்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது. இதுவரை ஒரு தனியார் மருத்துவமனையில்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் டாக்டர் என்.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார், கூடவே டபுள் மார்க்கர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் பின்னாளில் பி.பி. ஏறுமா என்று இப்போதே கண்டுபிடிக்கிற ஒரு பரிசோதனை, அதற்கு ரத்தமும் எடுப்பார்களாம், டாப்ளர் ஸ்கேனும் பார்ப்பார்களாம். எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய் ஆகும் என்றார்கள். காப்பீட்டு அட்டையை நீட்டினேன், வரவேற்பில் இருந்த பெண் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, இதெல்லாம் இதில் வராது என்று சொல்லிவிட்டார். ஐந்து லட்சம் வரைக்கும் சிகிச்சை என்று சொல்கிற அட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை வராதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் பயப்படக் காரணம் இருக்கிறது. என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு எட்டாம் மாதத்தில் பி.பி. ஏறி ஜன்னி, அதாவது வலிப்பு, வந்து மூன்று நாள் நினைவே இல்லாமல் கிடந்தாராம். அத்தை இதை அடிக்கடி சொல்வார். அம்மாவைக் கேட்டால் பேச மாட்டார். அதனால் அந்த பி.பி. பரிசோதனையை விடவும் மனசு வரவில்லை, 5,800 இப்போது கையிலும் இல்லை. 14 வாரத்துக்குள் எடுத்தால்தான் பயன் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அட்டையில் எது வரும், எது வராது? அரசு மருத்துவமனைக்கு மாறினால் இந்தப் பரிசோதனைகள் கிடைக்குமா?

காப்பீட்டுப் பிரிவுக்காரன்

தங்கச்சி, நான் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஒரு மருத்துவமனையில் அந்தப் பிரிவில்தான் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது உங்களைப் போலவே ஸ்கேன் சீட்டோடு வந்து நிற்பார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

இந்த அட்டை அடிப்படையில் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உள்ளது. 2009-இல் கலைஞர் காப்பீடு என்று ஆரம்பித்து, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்தது வரைக்கும் அதன் அமைப்பு இதுதான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகுப்புத் தொகை வைத்திருப்பார்கள், மருத்துவமனை முன் அனுமதி வாங்கிச் செய்யும், பணம் மருத்துவமனைக்குப் போகும். சில பெரிய பரிசோதனைகளும் பட்டியலில் தனியாக இருக்கின்றன. ஆனால் மாதாமாதம் புறநோயாளியாக வந்து பார்த்துக்கொள்ளும் கர்ப்பகாலச் சோதனைகள் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அந்தப் பெண் சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் தப்பு, எங்கே போனால் கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்காக அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரு சிக்கல் என்று சேர்க்க வேண்டி வந்தால், சேர்த்த பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அந்தச் சிகிச்சைத் தொகுப்புக்குள்ளேயே வந்துவிடும். குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டி வந்தாலும் அதற்குத் தொகுப்பு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவமானால்கூட அட்டையைக் கேட்பார்கள், கொடுங்கள். உங்களுக்கு அங்கே எப்படியும் இலவசம்தான், அட்டை இருந்தால் காப்பீட்டுப் பணம் அந்த அரசு மருத்துவமனைக்கே போகும், அவர்கள் அதைக் கருவிக்கும் மருந்துக்கும் பயன்படுத்துவார்கள்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. அட்டையில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ரேஷன் கார்டில் பெயர் சேர்த்திருப்பார்கள், காப்பீட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். எட்டாம் மாதம் அவசரத்தில் வந்து நிற்கும்போது அங்கேயும் இங்கேயும் ஓட வேண்டி வரும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்) எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள் வீட்டுக்காரரை.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

அம்மிணி, நான் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உன் கேள்வியைப் படித்ததும் பதில் போடாமல் தூங்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று. நீ காப்பீட்டு வாசலில் போய் நின்று கேட்கிறாய், கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வாசலே வேறு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு அட்டையே வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், தனியாரில் காட்டிக்கொண்டிருக்கிறாயா என்றும் யாரும் தடுக்க மாட்டார்கள். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி கர்ப்பிணிக்குப் பரிசோதனை, மருந்து, ரத்தம், பிரசவம், சிசேரியன், சாப்பாடு, வண்டி எல்லாம் அரசு நிலையங்களில் செலவில்லாமல் கிடைக்க வேண்டும். இது உன் உரிமை, யாரும் தயவு காட்டுவதாக நினைத்துத் தயங்கி நிற்காதே.

உனக்கு பிக்மி எண், அதாவது அரசில் கர்ப்பத்தைப் பதிந்ததும் தருகிற எண், வாங்கிவிட்டாயா? நீ எழுதியதில் அது இல்லை. தனியாரில் காட்டுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு குழந்தையின் பிறப்பைப் பதியும்போது அந்த எண்ணைக் கேட்கும்போதுதான் ஓடி வருகிறார்கள். உன் ஊர் நர்ஸம்மாவிடம் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ரேஷன் கார்டு காட்டினால் பதிந்து கொடுத்துவிடுவார். அதில் பதிந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்திலும் வருவாய், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. இன்றைக்கு 5,800 ரூபாய்க்குத் தவிக்கிறவளுக்கு அது பெரிய தொகை.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். காலையில் எட்டரைக்குப் போய்விடு. எடை, உயரம், பி.பி., சிறுநீரில் உப்பு (புரதத்தைத்தான் அப்படிச் சொல்வோம்), சர்க்கரை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி வகை, எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை. இதைத் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிக்கும் செய்கிறோம், குண்டாக இருப்பவர், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர் என்று பார்த்துப் பொறுக்குவதில்லை. சென்னை மருத்துவர் வீ. சேஷையா இதற்காகப் பல வருடம் பாடுபட்டார், அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன முறையின் நல்ல விஷயம், வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்பது கிலோமீட்டர் பஸ் ஏறி, வாந்தியோடு, பட்டினியாக வா என்றால் எந்தப் பெண்ணும் வர மாட்டாள், அது எங்களுக்குத் தெரியும்.

75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கடைசி இரண்டு வாய் தொண்டையில் நிற்கும், குமட்டும், மெதுவாக மூச்சை இழுத்துவிட்டு விழுங்கிவிடு. அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் வெட்கப்படாமல் சொல், இன்னொரு நாள் வைத்துக்கொள்வார்கள். அரை மணிக்குப் பிறகு வந்தால் பரவாயில்லை, பரிசோதனை செல்லும். இரண்டு மணி நேரம் கழித்துக் கையில் நரம்பில் ரத்தம் எடுப்பார்கள். 140-க்குக் கீழே இருந்தால் சரி. இப்போது சரியாக இருந்தாலும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை எடுக்க வேண்டும், அதை விட்டுவிடாதே. நிறையப் பேருக்கு இரண்டாவது தடவையில்தான் தெரிய வரும்.

இனி உன் சீட்டில் உள்ளவை. என்.டி. ஸ்கேன், டபுள் மார்க்கர் இரண்டும் குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு, டவுன் சிண்ட்ரோம் போன்றவை இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்ப்பவை. பி.பி.க்கான பரிசோதனை வேறு. ஒரே சீட்டில் எழுதியதால் நீ ஒன்றாக நினைத்துவிட்டாய். ஸ்கேன் வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் குறிப்பிட்ட நாட்களில் எடுக்கிறார்கள், எந்த நாள் என்று போன் செய்து கேட்டுக்கொண்டு போ. டபுள் மார்க்கரும், பி.பி.க்கு எடுக்கிற பி.எல்.ஜி.எஃப். ரத்தப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான பட்டியலில் இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதே.

இப்போது கவனமாகக் கேள். அந்த பி.பி. பரிசோதனை எதற்கு? பின்னாளில் பி.பி. ஏறும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை 16 வாரத்துக்குள் ஆரம்பிப்பார்கள், அதுதான் நோக்கம். ஆனால் உன் விஷயத்தில், பெற்ற தாய்க்கே ஜன்னி வந்திருக்கிறது, உனக்கு இது முதல் கர்ப்பம். இந்த இரண்டுமே ஆபத்துக் காரணங்கள் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பவை, பணம் கொடுத்துப் பரிசோதிக்காமலே தெரிந்தவை. இதை உன் டாக்டரிடம் சொன்னாயா? அத்தை சொன்னதை அப்படியே சொல். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு, எதுவரைக்கும் என்று அவர் முடிவெடுக்கட்டும். நீயாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. ஆனால் 16 வாரம் தாண்டும் முன்னால் இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும், அதுதான் முக்கியம். 5,800 புரட்ட முடியவில்லை என்பதற்காக டாக்டரிடம் போகாமலே இருந்துவிடுவதுதான் நான் பயப்படுவது. அப்படி இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம் தேதியையும் குறித்து வைத்துக்கொள். 2016-லிருந்து ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் அரசு நிலையங்களில் மருத்துவர் இருந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பார், ஆபத்து உள்ளவர்களைத் தனியாகக் குறித்துத் தொடர்ந்து கவனிப்பார்கள். உன் தாய்சேய் நலப் புத்தகத்தில் "தாய்க்கு ஜன்னி" என்று எழுதச் சொல். எழுதினால்தான் அடுத்து யார் பார்த்தாலும் தெரியும்.

நீலகிரி அடிவாரம்

நர்ஸம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை.

நான் முழுக்க முழுக்கத் தனியாரில்தான் காட்டினேன், மாதம் ஒரு ஸ்கேன், கலர் கலராகப் படம், ஆனால் பி.பி. பார்த்தது எல்லா தடவையும் கிடையாது, சிறுநீர் பரிசோதித்தது மொத்தமே இரண்டு தடவை, அதையும் பிறகு பழைய சீட்டுகளைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். 31-வது வாரத்தில் மோதிரம் கழற்ற முடியவில்லை, சோப்புப் போட்டுக் கழற்றினேன். கர்ப்பிணிக்கு வீங்கும்தானே என்று மாமியார் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தலைவலி, நெற்றியின் இரண்டு பக்கமும் சம்மட்டி அடிப்பது போல, காப்பி குடித்தும் போகவில்லை. சாயந்திரம் விளக்கேற்றப் போனபோது கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் பறந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே வலது பக்கம் ஒரு வலி. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா அங்கன்வாடியில் வேலை செய்கிறவர், முகத்தைப் பார்த்ததும் 108-க்குப் போன் போட்டார். வண்டியிலேயே பி.பி. 170/110. நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போய்விட்டார்கள். வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் ஊசி, உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல எரிந்தது, பக்கத்தில் நின்ற நர்ஸ் என் கையை விடவே இல்லை. அன்று ராத்திரியே சிசேரியன். என் மகள் 1 கிலோ 400 கிராம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் 26 நாள் இருந்தாள், வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, மூன்று மணிக்கு ஒருமுறை பால் பிழிந்து கொடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

அந்த 31 வாரத்தில் ஸ்கேனுக்கு மட்டும் நான் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஐந்து ரூபாய்க் குச்சியில் தெரிந்திருக்க வேண்டிய உப்பு யாருக்கும் தெரியவில்லை. தங்கச்சி, நீ எங்கே காட்டினாலும் சரி, ஒவ்வொரு தடவையும் கையில் பி.பி. பட்டையைக் கட்டினார்களா, சிறுநீர் டப்பா கொடுத்தார்களா என்று பார். கட்டவில்லை என்றால் வாய் விட்டுக் கேள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் எண்ணைச் சீட்டில் எழுதச் சொல். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீர் வீக்கம், இதில் எது வந்தாலும் அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று காத்திருக்காதே.

பல்லடம் தையல்காரி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் கர்ப்பமாக இருக்கிறேன், ஒன்பதாவது வாரம். பனியன் கம்பெனியில் டைலர், எனக்கே இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், சம்பளம் 15,000. இ.எஸ்.ஐ.யும் அரசுக் காப்பீடுதானே, அதில் இந்தப் பரிசோதனைகள் வருமா?

காப்பீட்டுப் பிரிவுக்காரன்

வரும்மா, இ.எஸ்.ஐ. கதை வேறு. முதலமைச்சர் காப்பீடு போல இல்லாமல் இதில் புறநோயாளிச் சிகிச்சையே உள்ளடக்கம். உங்கள் சம்பளத்தில் மாதம் 0.75 சதவீதம் நீங்கள் கட்டுகிறீர்கள், 3.25 சதவீதம் கம்பெனி கட்டுகிறது, அது உங்கள் பணம். முதலில் உங்கள் பெயர் பதிந்துள்ள டிஸ்பென்சரிக்குப் போங்கள், அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். கர்ப்பகாலப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து, பிரசவம் எல்லாம் அங்கே வரும். அங்கே இல்லாத பரிசோதனை என்றால் ஒப்பந்தம் உள்ள வெளி மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் நீங்களாக வெளியே போய்ப் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், முதலில் சீட்டு, அப்புறம் பரிசோதனை.

இன்னொன்று, நீங்கள் வேலை செய்கிறவர் என்பதால் 26 வார மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளக் கணக்கில் இ.எஸ்.ஐ.யே பணம் தரும். அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கர்ப்பத்தால் உடம்புக்குச் சிக்கல் என்று மருத்துவர் சான்று கொடுத்தால் அதற்கு மேல் ஒரு மாதம் கிடைக்கும். பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) மாற்றி வைக்கிறேன், இ.எஸ்.ஐ. வேண்டாம், கையில் கூடுதலாக வரும் என்று சூப்பர்வைசர் இப்போது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்தில் இது நடக்கிறது.

பல்லடம் தையல்காரி

ரொம்ப நன்றிண்ணா. போன மாதம்தான் அப்படி ஒரு பேச்சு வந்தது. திங்கட்கிழமையே டிஸ்பென்சரிக்குப் போகிறேன்.

சோமனூர் மருமகள்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நர்ஸம்மா சொன்ன மறுநாளே டாக்டரிடம் போய் அம்மாவின் ஜன்னியைப் பற்றிச் சொன்னேன். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டார், யாரும் கேட்கவில்லை, எனக்கும் இது சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரியவில்லை. உடனே இரவில் போடச் சொல்லி ஆஸ்பிரின் எழுதிவிட்டார். அந்த பி.பி.க்கான ரத்தப் பரிசோதனை இனி அவசியமில்லை, என்.டி. ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொள் என்றார். எடுத்தேன், குழந்தை நன்றாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். பெரிய வேப்ப மரம், கீழே சிமெண்டு பெஞ்சு, எட்டு பேர் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சொன்னது போலவே கடைசி இரண்டு வாய்தான் இறங்கவில்லை. பிக்மி எண் வாங்கியாயிற்று, புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள். பி.பி. 110/70, சிறுநீரில் உப்பு இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 9.4, சர்க்கரை 152 வந்திருக்கிறது. இரண்டு வாரம் சாப்பாட்டில் கட்டுப்பாடு இருந்துவிட்டு வா என்று சொன்னார்கள். வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை, நான் 48 கிலோதான். ரொம்பப் பயமாக இருக்கிறது நர்ஸம்மா.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

பயப்படாதே கண்ணு. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும், அதனால்தான் எல்லோருக்கும் பார்க்கிறோம். 13 வாரத்திலேயே தெரிந்தது உனக்கும் குழந்தைக்கும் நல்லது. இரண்டு வாரம் சாப்பாட்டைச் சரி செய்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 120-க்குக் கீழே வந்தால் மாத்திரையே வேண்டாம், அப்படியே தொடரலாம். வரவில்லை என்றால் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ ஆரம்பிப்பார், அதுவும் அங்கேயே கிடைக்கும், இன்சுலின் என்று கேட்டதும் அழாதே, பிரசவத்தோடு பெரும்பாலானவர்களுக்கு நிறுத்திவிடுவார்கள்.

பட்டினி மட்டும் கிடக்காதே. நிறையப் பேர் சர்க்கரை என்றதும் சோற்றையே நிறுத்திவிடுகிறார்கள், ரத்தமும் 9.4 என்று குறைவாக இருக்கும்போது அது இரட்டைக் கேடு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக்கொள். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியல், கீரை, பச்சைப்பயறு, முட்டை. காப்பியில் சர்க்கரை வேண்டாம், கருப்பட்டியும் சர்க்கரைதான், நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். ஊட்டச்சத்துப் பெட்டகம் வரும்போது அதில் உள்ள பேரீச்சம்பழத்தையும் சத்துமாவையும் எவ்வளவு எடுக்கலாம் என்று அங்கேயே கேட்டுவிடு. சாப்பிட்டதும் தறிக்கூடத்து வாசல் வரை ஒரு நடை நட.

இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடாதே, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதே, ஒன்று மத்தியானம் என்றால் இன்னொன்று ராத்திரி. மாத்திரையில் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றுவார்கள், அதற்கும் பணமில்லை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருக்கும், இப்போதே உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வை, குழந்தையைப் பார்ப்பதில் நீ மறந்துவிடுவாய்.

சோமனூர் மருமகள்

சரிங்க அம்மா, எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம், காலையில் ராகிக் கூழ் குடிப்பது பழக்கம். ராகி சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே, குடிக்கலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா

ராகி நல்லதுதான், ஆனால் கரைத்துக் காய்ச்சிக் கூழாகக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரை சட்டென்று ஏறும். அதையே முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடையாகத் தட்டி இரண்டு சாப்பிடு, கூட ஒரு முட்டை வைத்துக்கொள். அடுத்த பரிசோதனை முடிந்ததும் எண்ணை இங்கே போடு, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.